அடித்து முடித்த பின் பற்றிய தீ: ரப்பர் ஸ்ப்ரே டப்பாவும் ஒரு பணிக்குழியும்

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையை ஒட்டிய ஒரு கார் பட்டறையில், ஆடி மாதத்துப் பிற்பகல் ஒன்றில், ஒரு ஜீப்பின் அடிப்பாகத்துக்கு ரப்பர் பூச்சு அடிக்கும் வேலை முடிந்து ஏறத்தாழக் கால் மணி நேரம் ஆன பிறகு, வண்டிக்குக் கீழிருந்த பணிக்குழியில் தீ எழுந்தது. குழிப்படியில் நின்ற உதவியாளுக்கு முகத்திலும் இரு முன்கைகளிலும், விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பெயிண்டருக்கு வலது கையிலும் கணுக்காலுக்கு மேலும் தீப்புண் உண்டானது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

நான் கோவையில் ஒரு வார்ப்பாலையில் முப்பது ஆண்டுகள் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டறை உரிமையாளர் எனக்குத் தெரிந்தவர். தீ நடந்து நான்காம் நாள் என்னை வரச்சொல்லி, கருகிய வண்டியைக் காட்டிவிட்டு, அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “டப்பாவுலதானுங்க சார் ஏதோ கோளாறு. இல்லீன்னா அடிச்சு முடிச்சு எல்லாத்தையும் ஓரமா வெச்சப்புறம் எப்படீங்க பத்தும்?”

கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடிப் போனபோது, டப்பா ஒழுங்காகத்தான் இருந்தது என்பதும், அதன்மேல் அச்சிட்டிருந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றைப் பட்டறைக்காரர்கள் கடைப்பிடித்தே இருந்தார்கள் என்பதும் தெரியவந்தன. யாரும் பீடி பற்றவைக்கவில்லை; பக்கத்தில் வெல்டிங் நடக்கவில்லை; டப்பாவை வெயிலில் போட்டுவைக்கவும் இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கை, ஒரு டப்பாவைத் திறந்த வெளியில் பயன்படுத்தும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆறு டப்பாவை ஒரு குழிக்குள் காலி செய்கிறவருக்கு அது போதாது. இந்த ஆய்வு முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

பட்டறையும் அன்றைய வேலையும்

ஆறு பேர் வேலை செய்யும் பட்டறை அது. தகரக் கூரை, முன்பக்கம் அகலமான ஷட்டர், பின்சுவரில் கூரையை ஒட்டி இரண்டு ஜாலி ஓட்டைகள். வண்டியைத் தூக்க ஒரு லிப்ட் உண்டு; அது வருவதற்கு முன்பே வெட்டிய பணிக்குழியும் உண்டு. குழியின் நீளம் நாலரை மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர், ஆழம் 1.4 மீட்டர். ஒரு முனையில் ஆறு படிகள். அன்று லிப்ட்டில் கியர்பாக்ஸ் இறக்கிய வேறொரு கார் நின்றதால், ஜீப்பைக் குழிமேல் ஏற்றினார்கள். இந்தச் சின்ன இடமாற்றம் இல்லையென்றால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

வால்பாறைப் பக்கம் தோட்டத்துக்குப் போய்வரும் வண்டி அது. மலை மழையிலும் பாலக்காட்டு மழையிலும் ஓடும் வண்டிகளுக்கு அடியில் துரு ஏறுவது வழக்கமாதலால், ரப்பர் பூச்சுக்கு எங்கள் பக்கம் நல்ல கிராக்கி. முன்பெல்லாம் கெட்டியான கருப்புக் கலவையைக் கம்ப்ரசரில் மாட்டிய துப்பாக்கியால் அடிப்பார்கள். ஒரு வண்டிக்காகத் துப்பாக்கியைத் தின்னரில் கழுவி மாளாது என்று, இப்போது ஒன்றிரண்டு வண்டி வரும் பட்டறைகள் ஸ்ப்ரே டப்பாவுக்கு மாறிவிட்டன. குலுக்கினால் உள்ளே கோலிகுண்டு உருளும். அழுத்தினால் கருப்பாகப் பீய்ச்சும். அரை மணியில் தொட்டால் ஒட்டாத ரப்பர் தோலாக மாறும். வேலை சுலபம்தான்.

அன்று பகல் பதினொன்றரைக்கு உதவியாள் அடிப்பாகத்தின் துருவைக் கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரால் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்தார். துணி குழிக்குள்ளேயே கிடந்தது. பன்னிரண்டே முக்காலுக்குப் பெயிண்டர் குழிக்குள் இறங்கி மூன்று டப்பாக்களில் முதல் பூச்சை அடித்தார். ஆடிக்காற்று உள்ளே புகுந்து, ஈரப்பூச்சின்மேல் மண்ணை வாரி இறைத்தது. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாயின் வழியே மேற்கிலிருந்து பாய்ந்து வருவது. அதை நம்பித்தான் இத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அடித்த பூச்சு மண் ஒட்டிச் சொரசொரப்பாகப் போகவே, ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டார்கள். இரண்டு மணி வாக்கில் சாப்பிட்டு வந்து, இரண்டேகால் முதல் இன்னும் மூன்று டப்பாக்களில் இரண்டாம் பூச்சு அடித்தார்கள். இரண்டு மணி முப்பத்தைந்துக்கு வேலை முடிந்தது.

ஒவ்வொரு டப்பா காலியானதும் பெயிண்டர் ஒரு காரியம் செய்தார். டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி, மூக்கில் கருப்பு வராமல் வெறும் காற்று வரும்வரை இரண்டு மூன்று முறை அழுத்தினார். அப்படிச் செய்யச் சொல்லி டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. இல்லாவிட்டால் மூக்கில் ரப்பர் காய்ந்து அடைத்துக்கொள்ளும். காலியாகிப்போன டப்பாவுக்கு அதற்கான தேவையே இல்லை, பழக்கம், அவ்வளவுதான். ஆனால் தலைகீழாக அழுத்தும்போது வருவது காற்று அல்ல. அது பூச்சை வெளியே தள்ளுவதற்காக உள்ளே அடைத்த சுத்தமான உந்துவாயு. டப்பாக்களைக் குழிக்குள் சுவரோரம் இருந்த திண்ணை போன்ற விளிம்பில் வரிசையாக வைத்தார்.

இரண்டு ஐம்பதுக்குச் சற்று முன்பின்னாக, விட்டுப்போன இடம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க உதவியாள் கம்பிக்கூண்டு போட்ட கைவிளக்கை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றாம் படியில் கிடந்தது. சுவிட்ச் ஏற்கெனவே ஆன் செய்திருந்தது. பிளக்கைச் செருகினார். பெயிண்டரின் வாய்மொழியில் அதற்குப் பின் நடந்தது இது: “பொக்குன்னு ஒரு சத்தமுங்க. சத்தம் கூடப் பெருசில்லீங்க. குழி பூரா நீலமா நெறஞ்சு மேல வந்துச்சு. பையன் படியில இருந்து தானா வெளிய வந்து விழுந்தானுங்க.”

டப்பாவுக்குள் இருப்பது

ரப்பர் ஸ்ப்ரே என்ற பெயரில் ரப்பர் ஒரு பங்குதான். பிராண்டுக்குப் பிராண்டு அளவு மாறினாலும், பொதுவாக உள்ளே மூன்று பொருள்கள் இருக்கின்றன: செயற்கை ரப்பரும், வண்டி அடிப்பூச்சு வகையில் தாரும் கார்பன் கருப்பும் சேர்ந்த கெட்டிப்பொருள்; அதைக் கரைத்து வைத்திருக்கும் நாப்தா, டொலுவீன், சைலீன், ஹெக்ஸேன், அசிட்டோன் போன்ற கரைப்பான்களில் ஒன்றோ சிலவோ; எல்லாவற்றையும் வெளியே தள்ளும் புரொப்பேன், பியூட்டேன் அல்லது டைமெத்தில் ஈதர் என்னும் உந்துவாயு. வண்டியில் தங்குவது முதல் பொருள் மட்டுமே. மற்ற இரண்டும் காற்றில் போயாக வேண்டும். போனால்தான் பூச்சு காயும். ‘காய்ந்துவிட்டது’ என்று பெயிண்டர் சொல்லும் வேளையில், அந்தக் கரைப்பான் முழுவதும் எங்கோ காற்றில் இருக்கிறது.

உந்துவாயு நம் வீட்டு அடுப்புக்கு வரும் கேஸின் உடன்பிறப்புதான், ஒரு வேறுபாட்டோடு. சமையல் கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அதில் எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளைக் கலக்கிறார்கள். ஸ்ப்ரே டப்பாவுக்கான வாயு வாடையற்றதாக வருகிறது; தலைக்கு அடிக்கும் ஸ்ப்ரேயிலும் அறைக்கு அடிக்கும் நறுமணத்திலும் நாறும் வாயு கலந்தால் யார் வாங்குவார்கள்? எனவே பட்டறையில் மூக்குக்கு எட்டும் ‘பெயிண்ட் வாடை’ கரைப்பானுடையது மட்டுமே. உந்துவாயு வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கரைப்பானின் வாடைகூட, மூக்கு அதற்குப் பழகியதும் மங்கிவிடும். “வாசம் போயிடுச்சுன்னுதானுங்கண்ணா எறங்குனேன்” என்று மருத்துவமனையில் உதவியாள் என்னிடம் சொன்னதை நான் முழுமையாக நம்புகிறேன்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். டப்பாவின் பக்கவாட்டில், ஓசோன் படலத்தைக் கெடுக்கும் சிஎஃப்சி (முன்பு உந்துவாயுவாகப் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்) இதில் இல்லை என்று பச்சை வட்டத்துக்குள் அச்சிட்டிருந்தது. உதவியாள் அதை ‘கெடுதல் இல்லாத ஸ்ப்ரே’ என்ற பொருளில் படித்து வைத்திருந்தார். உண்மையில் கதை நேர்மாறானது. சிஎஃப்சி வாயுக்கள் ஓசோனுக்குப் பகை. ஆனால் அவை எரியாதவை. 1970-களில் அவற்றின்மேல் ஐயம் எழுந்து, அமெரிக்கா 1978-இல் பெரும்பாலான ஸ்ப்ரே டப்பாக்களில் அவற்றைத் தடைசெய்தது. 1987-இல், உலக நாடுகள் அவற்றைப் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்ட மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. அந்த இடத்துக்கு வந்தவையே புரொப்பேனும் பியூட்டேனும். வானத்துக்கு நல்லது என்று வந்த பச்சை வட்டம், தீக்கு எதிரான உறுதிமொழி அன்று. அதே டப்பாவின் பின்புறம் சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுடர்ப் படமும், ‘மிக எளிதில் தீப்பற்றும் ஏரோசால்’ என்ற வாசகமும், 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற விடாதீர்கள் என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தன. பட்டறையில் அதைப் படித்தவர் எவரும் இல்லை.

அந்த 50 டிகிரிக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவையும் இங்கேயே சொல்லிவிடலாம். சித்திரை வெயிலில் கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. அப்படியொரு நாளில் கண்ணாடி ஏற்றிய காரின் டேஷ்போர்டில் கிடக்கும் டப்பாவோ, வெயில் நேராக விழும் கருப்புத் தகரத்தின்மேல் வைத்த டப்பாவோ 50-ஐத் தாண்டுவதற்குத் தீ எதுவும் தேவையில்லை. உள்ளே அழுத்தம் ஏறி, அடித்தகடு பிதுங்கி, பின்பு வெடிக்கவும் கூடும்.

குழியின் கணக்கு

உரிமையாளரின் கேள்விக்கு நான் விடையைத் தாளில் போட்டுக் காட்டினேன். எண்கள் தோராயமானவை, முடிவு தோராயமானதன்று.

500 மில்லி டப்பா ஒன்றில் ஏறத்தாழ 350 கிராம் சரக்கு. அதில் உந்துவாயு நூறு கிராமுக்குச் சற்று மேல், கரைப்பான் நூற்று நாற்பது கிராம் என்று வைத்துக்கொண்டால், பறந்துபோகிற எரிபொருள் ஒரு டப்பாவுக்கு 245 கிராம். ஆறு டப்பாவுக்கு ஒன்றரைக் கிலோ. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கைக் குழிக்குள் திறந்துவிட்டதற்குச் சமம் என்றேன். அவர் அதுவரை தாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து குழியைப் பார்த்தார்.

எடையைவிடக் கன அளவுதான் இங்கே பேச வேண்டியது. டப்பாவில் நீர்மமாக இருக்கும் புரொப்பேன் வாயுவாகும்போது ஏறத்தாழ 270 மடங்கு விரிகிறது. பியூட்டேன் 230 மடங்குக்கும் மேல். நம் வெப்பநிலையில் ஒரு டப்பாவின் உந்துவாயு சுமார் 50 லிட்டர் வாயுவாகவும், கரைப்பான் 35 லிட்டருக்கு மேற்பட்ட ஆவியாகவும் மாறும். கூட்டினால் ஏறக்குறைய 90 லிட்டர். குழியின் கொள்ளளவு 5,670 லிட்டர். காற்றில் புரொப்பேன் 2.1 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும், பியூட்டேனுக்கு 1.8, டொலுவீனுக்கும் ஹெக்ஸேனுக்கும் 1.1 சதவீதம் போதும். கலவைக்கு ஒன்றரை சதவீதம் என்று கொண்டால், 5,670 லிட்டரில் அது 85 லிட்டர்.

அதாவது ஒரே ஒரு டப்பாவின் ஆவி முழுவதும் அந்தக் குழிக்குள் இறங்கிப் பரவினால், குழி முழுவதும் தீப்பிடிக்கும் காற்றாகிவிடும். பாதி வெளியே தப்பிப்போனது என்றாலும் இரண்டு டப்பா போதும். அடித்ததோ ஆறு.

ஆவி ஏன் குழிக்குள் இறங்க வேண்டும் என்ற கேள்வி எழும். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேனும் அசிட்டோன் ஆவியும் இரண்டு மடங்கு. டொலுவீன், ஹெக்ஸேன் ஆவிகள் மூன்று மடங்கு. காற்றோடு கலந்தபின் இந்தக் கனம் குறையும் என்பது உண்மை. ஆனாலும் அசைவற்ற இடத்தில் கலவை தாழ்வான பக்கமே வழிந்து, தண்ணீர் போலத் தேங்கும். வண்டியின் அடிப்பாகம் குழிக்கு மூடிபோல் மேலே நிற்கிறது. சாக்கடை, கிணறு, தண்ணீர் சம்ப்பு, தாழ்வான நிலவறை எல்லாவற்றுக்கும் இதே நியாயம்தான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி விரிசலுக்கு ரப்பர் ஸ்ப்ரே அடிக்கிறவரும் இதே குழிக்குள்தான் நிற்கிறார்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்று குழிக்குள் என்ன செய்தது என்று பார்க்க விரும்பினேன். குழியைக் கழுவிக் காயவிட்டு, ஒரு வாரம் ஷட்டர் திறந்தே கிடந்து, மின் இணைப்பையும் துண்டித்த பிறகு, வெளியே தென்னை மட்டைகள் கீழே விழும் அளவுக்குக் காற்று வீசிய ஒரு பிற்பகலில், ஷட்டரை அன்று போலவே முக்கால்வாசி இறக்கி, குழியின் அடித்தரையில் ஓர் ஊதுபத்தியை ஏற்றி வைத்தேன். புகை நூல் பிடித்தது போல நேராக எழுந்தது. தரைமட்டத்துக்கு வந்த இடத்தில்தான் சட்டென்று மடங்கிக் கிழக்கே ஓடியது. அதற்குக் கீழே 1.4 மீட்டருக்கு ஓர் அசைவும் இல்லை. உரிமையாளரும் பெயிண்டரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் தாள் கணக்கு செய்யாத வேலையை அந்த ஊதுபத்தி செய்தது.

இப்போது அந்தக் கால் மணி நேரம். டப்பாவை அழுத்தும்போது உந்துவாயு உடனே வெளியேறிவிடும். கரைப்பானோ ஈரப்பூச்சில் தங்கி, பூச்சு காயக் காய மெல்ல ஆவியாகும். ஆகவே குழிக்குள் ஆவி சேர்வது அடிப்பதை நிறுத்தியதோடு நிற்பதில்லை. அதன் பிறகும் கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும். முதல் பூச்சில் கிளம்பிய ஆவியில் மிச்சம், தின்னர் துணி, ஆறு முறை தலைகீழாகப் பீய்ச்சிய வாயு, இவற்றோடு இரண்டாம் பூச்சு காயும் ஆவியும் சேர்ந்து குழி நிறைந்திருந்த நேரத்தில்தான் உதவியாள் படியில் இறங்கினார். ‘அடித்து முடித்தாயிற்று’ என்று மனம் தளர்த்திக்கொள்ளும் நேரமும், ஆவி உச்சத்தைத் தொடும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் இந்த வேலையின் பொல்லாத்தனம்.

பொறி

பட்டறையில் எல்லோரும் செல்போனைத்தான் குற்றவாளியாக்கினார்கள். உதவியாளின் சட்டைப்பையில் போன் இருந்தது. அது அழைக்கவும் இல்லை, உருகவும் இல்லை, இன்றும் வேலை செய்கிறது. போனால் தீப்பற்றியது என்னும் கதைகள் பெருமளவு பரவியிருப்பதன் கெடுதல், உண்மையான பொறிகளை அவை மறைத்துவிடுவதுதான். புரொப்பேன், பியூட்டேன் கலவையைப் பற்றவைக்கக் கால் மில்லிஜூல் அளவு ஆற்றல் போதும். கம்பளத்தில் நடந்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொடும்போது விரலில் சுரீரென்று அடிக்கிறதே, அந்த நிலைமின்பொறியில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். மின்சாரம் ஓடும் சாக்கெட்டில் பிளக்கைச் செருகும்போது பின்னுக்கும் தகட்டுக்கும் இடையில் வரும் நீலப்பொறிக்கு ஆற்றலில் பஞ்சமே இல்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் உருகிய பிளாஸ்டிக்கைப் பிரித்துப் பார்த்தபோது, பிளக்கின் பின்கள் பாதியளவே உள்ளே போயிருந்தன. செருகி முடிப்பதற்குள் தீ எழுந்துவிட்டது என்பதற்கு அதைவிட நெருங்கிய சாட்சியம் கிடைக்காது. மூன்றாம் படி என்பது தரைமட்டத்துக்கு எழுபது சென்டிமீட்டர் கீழே. ஆவி தேங்கிய மட்டத்துக்குள்தான்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36அ பிரிவு இதைத்தான் சொல்லியிருந்தது: குழி, தொட்டி, குழாய் போன்ற அடைந்த இடங்களில் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கையோ மின்கருவியையோ தக்க பாதுகாப்பில்லாமல் பயன்படுத்தக் கூடாது, எரியும் ஆவி இருக்கக்கூடிய இடமானால் தீப்புகா அமைப்புள்ள, அதாவது உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காத, விளக்கைத் தவிர வேறெதுவும் கூடாது. அந்தச் சட்டம் மின்விசையோடு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்று கொண்டது. ஆறு பேர் பட்டறையை அந்த எழுத்து எட்டவில்லை. ஆறு பேர் பட்டறையின் கைவிளக்கு 230 வோல்ட்டில்தான் எரிந்தது.

மூச்சு

தீயைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில், பெயிண்டர் போகிற போக்கில் சொன்ன ஒன்றை முதலில் நான் கவனிக்கத் தவறினேன். மதியம் சாப்பிடப் போகும்போதே அவருக்குத் தலை கிறுகிறுத்திருக்கிறது, சோறு இறங்கவில்லை, வெயில் என்று நினைத்து மோர் குடித்திருக்கிறார்.

டொலுவீன் ஆவி எட்டு மணி நேர வேலையில் காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கத் தொழில்நல வல்லுநர்களின் ஏசிஜிஐஎச் அமைப்பு வகுத்த வரம்பு. அதே டொலுவீன் தீப்பற்றத் தேவைப்படும் 1.1 சதவீதம் என்பது பத்து லட்சத்தில் 11,000 பங்கு. ஐந்நூறு மடங்குக்கும் மேல். ஆகவே தீப்பிடிக்கும் நிலையை நெருங்கும் காற்று, மூச்சு விடுவதற்கு எப்போதோ தகுதியிழந்திருக்கும். இதைத் திருப்பிப் போட்டால் ஒரு பயன் உண்டு: தலை கிறுகிறுப்பும் குமட்டலும் வாயில் இனிப்பான ஒரு பிசுபிசுப்பும், ஆவி சேர்கிறது என்பதற்கு உடம்பு அடிக்கும் முதல் மணி. அன்று அந்த மணி பன்னிரண்டே முக்காலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

முகத்தில் கட்டிய ஈரக் கைக்குட்டை கருப்புத் துளிகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கொரோனா காலத்து என்95 முகக்கவசத்துக்கும் அதே நிலைதான். கரைப்பான் ஆவிக்குக் கரித்தூள் அடைத்த ‘ஆர்கானிக் வேப்பர்’ கார்ட்ரிட்ஜ் பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். அதுவும் குழிக்குள் இறங்குவதற்கான அனுமதிச்சீட்டு ஆகாது. ஹெக்ஸேன் உள்ள சரக்கை ஆண்டுக்கணக்கில் மூச்சிழுப்பவர்களுக்குக் கைகால் நரம்புகள் மரத்துப்போகும் நோய் வருவது மருத்துவ உலகம் நன்கு அறிந்தது. பெயிண்டர்கள் ‘வயசானா வர்ற மதமதப்பு’ என்று சொல்லிக்கொள்வதில் எத்தனை பங்கு அது என்று எனக்கு ஐயமுண்டு.

தீக்குப் பின் பத்து நிமிடம்

முதல் கொப்பளிப்பு ஓரிரு நொடிகளில் அடங்கி, அடிப்பாகத்தின் ஈரப்பூச்சு கருப்புப் புகையோடு எரிய ஆரம்பித்தது. யாரோ ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினார்கள். கரைப்பான் தண்ணீரின்மேல் மிதந்து எரிந்து குழியின் மறுமுனைக்கும் போனது. உரிமையாளர் ஆறு கிலோ பவுடர் தீயணைப்பானைக் கொண்டுவந்து அடித்ததும்தான் தீ தாழ்ந்தது. இவ்வகைத் தீக்கு உலர்பவுடரும் நுரையும் ஏற்றவை. கரியமில வாயு அணைப்பானும் அணைக்கும். ஆனால் ஆள் உள்ளே இருக்கும் குழிக்குள் அதை அடித்தால், தீயோடு அவருடைய மூச்சையும் அணைத்துவிடும்.

அணைந்தது என்று நெருங்கிய நேரத்தில், விளிம்பில் இருந்த ‘காலி’ டப்பாக்களில் ஒன்று வெடித்துக் கூரைத் தகரத்தில் மோதி, கிண்ணம் போலப் பள்ளம் பதித்துவிட்டு விழுந்தது. காலி டப்பாவிலும் உந்துவாயு மிச்சமிருக்கும். அன்று அது ஆள்மேல் படாதது நல்லூழ்.

காயத்துக்குச் செய்தவற்றில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் இருவரையும் குழாயடியில் உட்காரவைத்து விடாமல் தண்ணீர் ஊற்றினார். ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் என்பதே தீப்புண்ணுக்கு முதல் மருந்து. ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம், இட்லி மாவு வேண்டாம். கெட்டது, உதவியாளின் முன்கையில் ஒட்டியிருந்த ரப்பரை ஒருவர் உரித்தது. உரித்த இடத்தில் தோலும் சேர்ந்தே வந்தது. மற்ற இடங்கள் ஆறிய பிறகும் அந்த இடம் மட்டும் இரண்டு மாதம் இழுத்தது. ஒட்டிய பூச்சை அப்படியே விட்டுக் குளிர்வித்து, சுத்தமான துணி போர்த்தி, 108-க்குச் சொல்லிவிடுவதோடு நம் வேலை முடிகிறது.

மாற்றியவை

முதலில் ஒரு மேசை விசிறியைக் குழிக்குள் வைத்துவிடலாமே என்றார் உரிமையாளர். சாதாரண விசிறியின் சுவிட்சும் மோட்டாரும் இன்னொரு பொறிக்கு இடம் என்று சொல்லி மறுத்தேன். ஆவியைத் தரைமட்டத்திலிருந்து குழாய் வழியே வெளியே இழுக்கும் தீப்புகா விசிறி என்று ஒன்று உண்டு. மாதத்துக்கு நான்கு வண்டி அடிக்கும் பட்டறைக்கு அந்தச் செலவு கட்டாது. ஆகவே இயந்திரத்தைத் தேடாமல் இடத்தை மாற்றினோம்.

குழியில் ஸ்ப்ரே அடிப்பது நின்றது. எண்ணெய் மாற்றவும் போல்ட் முடுக்கவும் மட்டும் அது. மற்ற நேரம் பலகை போட்டு மூடியிருக்கும். ரப்பர் பூச்சு வேலை பின்பக்கத்து வெற்றிடத்தில், இரும்புச் சாய்தளத்தின்மேல் வண்டியை ஏற்றி நடக்கிறது. “காத்தடிச்சா மண்ணு ஒட்டுங்களே சார்” என்ற பழைய சிக்கலுக்கு, அடிக்கும் முன் தரையை நனைத்துவிட்டு, மேற்குப் பக்கம் மட்டும் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் அடிவிளிம்பைத் தரையிலிருந்து இரண்டடி தூக்கி விட்டோம். மண் பெரும்பாலும் நனைந்த தரையில் அடங்கிவிடுகிறது. கீழே வழியும் ஆவி அந்த இரண்டடிச் சந்தில் புகும் காற்றோடு போய்விடுகிறது. மழை நாளில் வேலை கிடையாது. இது பிடிக்காத வாடிக்கையாளர் ஓரிருவர் வேறு பட்டறைக்குப் போனதாகக் கேள்வி.

விளக்கு, கிரைண்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றும் பின்பக்கம் வருவதில்லை. துருத் தேய்க்கும் வேலை முந்தின நாளே முடிந்துவிட வேண்டும். விட்டுப்போன இடத்தைக் காலை வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். தின்னர் துணிக்கு மூடியுள்ள தகர டின் வைத்தாயிற்று. டப்பாக்கள் கம்ப்ரசருக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து இடம் பெயர்ந்தன. கம்ப்ரசரின் அழுத்த சுவிட்ச் ஒவ்வொரு முறை விழும்போதும் எழும்போதும் பொறி விடும் என்பதை, அத்தனை நாள் அதன் தலைமேலேயே இரண்டு டஜன் டப்பாவை அடுக்கி வைத்திருந்தவர்கள் யோசித்ததில்லை. இப்போது அவை ஓட்டுக்கூரை போட்ட ஸ்டோரில், கம்பிவலை அடித்த அலமாரியில் இருக்கின்றன. அன்றைய வேலைக்கு எத்தனை வேண்டுமோ அத்தனையே வெளியே வரும்.

காலி டப்பாவில் ஆணி அடிக்கும் வழக்கம் ஒன்று அங்கே இருந்தது. ஓட்டை போட்டால்தான் பழைய இரும்புக்கடையில் எடுப்பார்களாம். ஆணியும் சுத்தியலும் மோதுமிடத்தில் மிச்ச வாயு பீய்ச்சி வருவதை நினைத்துப் பார்த்தாலே போதும். அதை நிறுத்தச் சொல்ல ஒரு முறை போதவில்லை, மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. இப்போது வெளியில் வைத்தே கடைசிவரை அழுத்திக் காலி செய்து, நிழலில் ஒரு கம்பிக்கூடையில் போடுகிறார்கள். இரும்புக்கடைக்காரரிடம் நானே போய்ப் பேசினேன். நசுக்கும் முன் இரண்டு நாள் வெளியே கிடக்கட்டும், பக்கத்தில் கேஸ் கட்டிங் வேண்டாம் என்றேன். தலையாட்டினார். கேட்பாரா என்பதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.

வண்டி அடிப்பாகத்துக்குப் பிரஷ்ஷால் பூசும் தண்ணீர்க் கலவை ரப்பர் பூச்சும் கிடைக்கிறது. காய ஒரு நாள் எடுக்கும். ஆடியில் ஒன்றரை நாள்கூட ஆகும். வலது கை விரல்கள் இன்னும் முழுதாக மடங்காத பெயிண்டர் அதைத்தான் விரும்புகிறார். பிரஷ்ஷை அவர் இப்போது இடக்கையில் பிடிக்கிறார்.